மழை மாதத்தில் துணியும் வீடும்: டிரையர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

24 நவம்பர் 2024 (சிங்கப்பூர், பொங்கோல் வாசகியின் கேள்வி)

நாலறை வீடு, கைக்குழந்தை ஒன்று, வரும் ஆண்டு தொடக்கநிலை 3 போகும் மகன் ஒருவன். போன டிசம்பரில் துணி மூன்று நாளாகியும் காயாமல் நாற்றமெடுத்தது. மறுபடியும் துவைத்தேன், மறுபடியும் நாறியது. டிரையர் இல்லாமல் இந்த இரண்டு மாதங்களைக் கடத்தவே முடியாது என்று கணவர் 1,100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒற்றைச் சம்பளத்தில் ஓடுகிற வீடு எங்களுடையது. டிரையர் இல்லாமல் சமாளிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

24 நவம்பர், இரவு (என் பதில்)

இருக்கிறேன். ஈசூனில் ஒன்பதாவது மாடி, நாலறை வீடு. ஐந்து பேர், அதில் ஒருவர் 76 வயதான என் மாமியார். 14 ஆண்டுகளில் டிரையர் வாங்கியதில்லை. பணத்தை இப்போதே எடுத்து நீட்டாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள்.

இங்கே குளிர்காலம் ஏது என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். இந்தத் தீவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரிதான், அதுவும் 1934 ஜனவரியில். நம்மைப் படுத்துவது குளிர் அல்ல, ஈரம். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும்போது இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்கிறது, வெயிலே தலைகாட்டுவதில்லை, 23 டிகிரியில் எல்லாம் நசநசவென்று நிற்கிறது. அந்த நாட்களைக் கடத்தத் தெரிந்தால் போதும். மற்ற நாட்களில் துணி காயப்போடும் நம் மூங்கில் கழிகளே பார்த்துக்கொள்ளும்.

25 நவம்பர்

முதல் வேலை: உங்கள் சலவை இயந்திரத்தில் பிழியும் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். எல்லாரும் காயவைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். பாதி வேலை பிழிவதில் இருக்கிறது.

நேற்று இரவு ஒரு குளியல் துவாலையைச் சமையல் தராசில் நிறுத்தேன். உலர்ந்த நிலையில் 510 கிராம். துவைத்து 800 சுற்றில் பிழிந்தபோது 870. அதே துவாலையை மறுபடி உள்ளே போட்டு 1200 சுற்றில் பிழிந்தேன், 780. ஒரே துவாலையில் 90 கிராம் தண்ணீர், பத்து நிமிடத்தில் போய்விட்டது. அந்த 90 கிராமும் இல்லையென்றால் உங்கள் வரவேற்பறைக் காற்றில்தான் கலந்திருக்கும். மென்மையான துணிகளைத் தவிர எல்லாவற்றையும் இரண்டு முறை பிழிந்துவிடுங்கள்.

25 நவம்பர், பிற்பகல்

சொல்ல மறந்தது. நாற்றத்துக்குக் காரணம் மழை அல்ல, மெதுவாகக் காய்வது. துணி நீண்ட நேரம் ஈரமாகவே இருந்தால் அதில் கிருமி பெருகுகிறது. இரண்டாம் முறை சோப்புத்தூளை அதிகமாகப் போட்டுத் துவைப்பது வீண், சரியாக அலசப்படாத சோப்பும் சேர்ந்து நாறும். தூளைக் குறைத்து, இயந்திரம் தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவாலைகளை ஒரு முறை ஓட்டுங்கள். எங்கள் வீட்டில் போன வருட நாற்றம் அப்படித்தான் ஒழிந்தது.

29 நவம்பர்

நேற்றும் இன்றும் மாலையில் மழை. காயவைக்கும் முறையைச் சொல்கிறேன். கடைசிப் படுக்கையறையைத் துணிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். வீடு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்கவிட்டால் வீடு முழுக்க ஈரம். துணிக்கும் துணிக்கும் இடையே ஒரு கை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். கால்சட்டைகளை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி, இடுப்பைக் கவ்வியில் விரித்து, குழாய் போலத் தொங்கவிடுங்கள். மின்விசிறியைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள். சுமார் 50 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட், ஏறத்தாழ 12 காசு.

காய்ந்ததா என்று சட்டையின் முதுகைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. அது எப்போதோ காய்ந்திருக்கும். பள்ளிக் கால்சட்டையின் பைக்குள் விரலை விட்டு அடித்தையலைத் தொடுங்கள். அங்கே சில்லென்று இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம். அதை மடித்து அலமாரியில் வைத்தால் பக்கத்துத் துணியையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஜன்னலை மூடி வையுங்கள், வெளி ஈரம் உள்ளே வரும்.

2 டிசம்பர்

மேலே ஜன்னலைப் பற்றி எழுதியது தவறு. யாராவது அதன்படி செய்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

தங்கை வீட்டிலிருந்து ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வந்து மூன்று நாட்களாகக் குறித்துவருகிறேன். ஜன்னல் மூடிய அறையில் ஒரு சலவைத் துணி காய்கிறபோது முள் 92க்கு ஏறிவிட்டது. ஒரு முறை துவைத்த துணியிலிருந்து ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டியிருக்கிறது, அது போவதற்கு வழி வேண்டாமா? பெய்துகொண்டிருக்கும்போதே, சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். ஒரு மணி நேரத்தில் 84.

கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. 23 டிகிரியில் 95 விழுக்காடு ஈரப்பதமுள்ள வெளிக்காற்றில், ஒரு கன மீட்டருக்கு 19 அல்லது 20 கிராம் நீராவிதான் இருக்கிறது. 27 டிகிரியில் 90 விழுக்காடாக இருக்கும் அறைக்காற்றில் 23 கிராம். ஆகவே மழைக்குளிர்ச்சியோடு இருக்கும்போது வெளிக்காற்றை உள்ளே விடுவது லாபம்.

மூட வேண்டிய நேரம் வேறு. இரண்டு நாள் மழை விட்டு, வெயில் சட்டென்று எட்டிப்பார்க்கும் முதல் ஒரு மணி நேரம். நனைந்த தரையெல்லாம் ஆவியாகி, சூடும் ஈரமும் சேர்ந்த காற்று உள்ளே வந்து, குளிர்ந்து கிடக்கும் ஓடுகளில் பனியாகப் படியும். "தரை வேர்க்கிறது" என்று மாமியார் சொல்வார். நான் அதைப் பேச்சுவழக்கு என்றே நினைத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் மூடிவிட்டுப் பிறகு திறங்கள்.

6 டிசம்பர்

அலமாரியில் அடுப்புக்கரி வைக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பல ஆண்டுகள் வைத்திருக்கிறேன். கரி வாடையை இழுக்கும், ஈரத்தை அதிகம் இழுக்காது. ஈரத்துக்கு எனக்குக் கைகொடுத்தது வேறு: அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தது. எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டாரின் ஏர்கான் அறை. சுவர் சில்லென்று இருப்பதால் அலமாரியின் முதுகில் பூஞ்சை படர்ந்துகொண்டே இருந்தது. இடைவெளி விட்டதும் நின்றது.

பூஞ்சையைத் துடைப்பவர்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். பிளீச் என்றால் பிளீச் மட்டும், வினிகர் என்றால் வினிகர் மட்டும். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்தால் மூச்சுக்கே ஆபத்து.

7 டிசம்பர்

மழைநீரை வாளியில் பிடித்துத் துணி அலசலாம் என்ற யோசனைக்கு: 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு மிச்சமாவது சில காசுதான். அதற்காக ஒன்பதாவது மாடி ஜன்னலில் எட்டி நிற்க வேண்டாம். பிடித்த தண்ணீரை மறந்துவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். எங்கள் புளோக்கில் டெங்கி வந்து அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

14 டிசம்பர்

இட்லி மாவைப் பற்றிக் கேட்கிறார்கள். துணியிலிருந்து மாவுக்கு வந்துவிட்டோம், இரண்டுக்கும் வில்லன் இந்த மழைதான்: துணிக்கு அதன் ஈரம், மாவுக்கு அதன் குளிர்ச்சி.

சாதாரண நாளில் எங்கள் வீட்டில் மாவு 7 மணி நேரத்தில் பொங்கிவிடும். இந்த வாரம் இரவு பத்து மணிக்குக் கரைத்தது காலையில் கரைத்தபடியே இருந்தது. பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்து அனுப்பினேன். மறுநாள், அணைத்து வைத்த ஓவனுக்குள் மாவுப் பாத்திரத்தையும், பக்கத்தில் ஒரு கிண்ணம் கொதிநீரையும் வைத்துக் கதவை மூடினேன். படுக்கப்போகும் முன் கொதிநீரை ஒரு முறை மாற்றினேன். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஓவன் இல்லாதவர்கள், கறி எடுத்துவரும் வெப்பப் பையில் பாத்திரத்தையும் வெந்நீர்ப் புட்டியையும் சேர்த்து வைக்கலாம். ஆப்பசோடா போடாதீர்கள். உப்பும், புழுக்கமும், நேரமும் போதும்.

21 டிசம்பர்

பழைய சேலைகளில் போர்வை தைக்க ஆரம்பித்திருக்கிறேன். மாமியாரின் மூன்று சுங்குடிச் சேலைகள். நாற்பது ஆண்டுகள் கட்டித் துவைத்ததில் நூல் தேய்ந்து, பூப்போல ஆகியிருக்கின்றன. கட்ட முடியாது, தூக்கிப் போடவும் அவருக்கு மனம் வரவில்லை. பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரர் வரும்போதெல்லாம் எடுத்து ஒளித்து வைத்துவிடுவார்.

முறை எளிது. சேலைகளைச் சேர்த்துக் கட்டில் அளவுக்கு நான்கு அடுக்காக விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, ஓரங்களில் பெரிய தையலாக ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓட்டுத்தையல், வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடைவெளி. ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி பொதிந்து முட்டிக்கொள்ளும், முதல் இரண்டு வரிசையைப் பிரித்துத்தான் இதைக் கற்றேன். நான்கு அடுக்குப் பருத்திதான், பஞ்சு ஒன்றும் வேண்டாம். நம் குளிருக்கு இது போதும், முக்கியமாக, துவைத்தால் இங்கேயே காயும். கடையில் வாங்கிய பஞ்சுப் போர்வை போன ஜனவரியில் நான்கு நாள் காயவில்லை.

2 ஜனவரி 2025

பள்ளி திறந்தது. மூன்று செட் சீருடை, மூன்றும் காய்ந்தன. பொங்கோல் வாசகி, உங்கள் வீட்டில் எப்படி?

4 ஜனவரி

அவர் எழுதியதன் சுருக்கம்: இரண்டு முறை பிழிந்ததில் பெரியவர்கள் துணி காய்கிறது, நாற்றம் இல்லை. ஆனால் குழந்தையின் துணித்துண்டுகள் நாளுக்குப் பதினைந்து, அவை ஓயவே இல்லை.

யோசித்தேன். என் பிள்ளைகள் வளர்ந்தவர்கள், என் பேச்சு அதிலிருந்து வந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இயந்திர உதவி வேண்டும் என்பதை நான் முதலிலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் டிரையருக்கு முன் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தைப் பாருங்கள். நாங்கள் பழையது ஒன்றை 60 வெள்ளிக்கு வாங்கினோம். 300 வாட், ஆறு மணி நேரத்துக்கு 1.8 யூனிட், ஏறத்தாழ 54 காசு. துணி அறையின் ஜன்னலையும் கதவையும் மூடிவிட்டு, கூடவே மின்விசிறியும் ஓடவிட்டால் இரவுக்குள் எல்லாம் காய்கிறது. அதைப் போடும்போது ஜன்னலை மூடியே வைக்க வேண்டும், டிசம்பர் 2 குறிப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வருடம் முழுவதும் பூஞ்சைக்கும் அது உதவும்.

சிற்றுதவிகளையும் விட்டுவிடாதீர்கள். 2025 ஜனவரி 3 முதல் அரசின் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு வீட்டுக்கு 300 வெள்ளி வந்தது, பாதியைப் பேரங்காடியில் செலவழிக்கலாம் என்றிருந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் கொடுத்த 300 வெள்ளிப் பருவநிலைப் பற்றுச்சீட்டில், மின்சாரம் குறைவாகத் தின்னும் நேர்மின் விசிறி வாங்கலாம். அதை இன்னும் எடுக்காதவர்களை நான் என் புளோக்கிலேயே பார்க்கிறேன்.

12 ஜனவரி

நேற்று முன்தினம் தொடங்கிய மழை. 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர், ஜனவரி முழு மாதத்தின் சராசரியே 222.4தான். ஆனால் நான் எழுத வந்தது மழையைப் பற்றி அல்ல.

எங்கள் வீட்டில் வெந்நீருக்கு ஒரு விதி வைத்திருந்தேன். குளிக்கும் முன் 15 நிமிடம் ஹீட்டரைப் போடுவது, உடனே அணைப்பது. பகலில் குளிப்பவர் வெந்நீர் இல்லாமலே குளிப்பது. விதியைக் குளியலறைக் கதவில் எழுதியே ஒட்டியிருந்தேன். நவம்பரில் 131 வெள்ளி வந்த மின்சார, தண்ணீர்ப் பயனீட்டுக் கட்டணம் டிசம்பரில் 118 ஆனது. சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நேற்றுப் பகல் பதினொரு மணி. அத்தை, அதாவது என் மாமியார், குளித்துவிட்டு வந்து திருநீறு பூசிக்கொண்டிருந்தார். நெற்றியில் விரல் நிற்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன், நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன. ஹீட்டர் விளக்கு எரியவில்லை, தொட்டியும் சில்லென்று இருந்தது. "பகல்ல தானேம்மா குளிக்கிறேன், எதுக்கு வீணா" என்றார். மூன்று வாரமாக இப்படியாம். வெளியே 22 டிகிரி, குழாய் தண்ணீரோ கேட்கவே வேண்டாம்.

15 லிட்டர் தொட்டியை 26 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.6 யூனிட் போதும். 18 காசு. அந்த 18 காசை நான் என் மாமியாரின் உடம்பிலிருந்து மிச்சம் பிடித்திருக்கிறேன். அவர் தூங்கிய பிறகு கதவில் இருந்த தாளைக் கிழித்துப்போட்டேன். இரவெல்லாம் மனம் ஆறவில்லை.

13 ஜனவரி

உங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி. ஆனால் "நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு முடியவில்லை. வீட்டில் சிக்கனம் பேசுகிறவள் நான். அதை முதலில் கேட்டு நடப்பவர்கள், மறுத்துப் பேசத் தயங்குகிறவர்கள்தான். பிள்ளைகள் என் விதியை மீறிப் பத்து நிமிடம் வெந்நீரில் நின்றார்கள், எனக்குத் தெரியும். அத்தை மீறவில்லை. இன்று முதல் அவருடைய குளியல் நேரத்துக்கு நானே ஹீட்டரைப் போடுகிறேன், கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்த பிறகே அழைக்கிறேன். வயதானவர்கள் உள்ள வீடுகளில், தயவுசெய்து, போய்த் தொட்டுப் பாருங்கள். கேட்டால் "சூடாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

14 ஜனவரி

பொங்கல். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்பு வாங்கக் குடையோடு போய், தொப்பலாக நனைந்து வந்தோம். பால் பொங்கியது. அத்தை வெந்நீரில் குளித்து, உலர்ந்த சேலை கட்டிக்கொண்டு முதல் கரண்டி அரிசி போட்டார்.

20 ஜனவரி

சனி, ஞாயிறு மறுபடி கனமழை. சீனப் புத்தாண்டுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் சமயம் என்பதால் புளோக்கின் கீழ்த்தளத்தில் நல்ல பொருட்கள் கிடக்கின்றன. மடக்கும் மரத் துணிக்கொடி ஒன்று கிடைத்தது, ஒரு கால் ஆடியது. பசை வைத்து, திருகாணி ஒன்று இறக்கி, ஒரு இரவு கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தேன். இப்போது எட்டு சட்டை தாங்குகிறது. எடுக்கும் முன் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று இடுக்குகளை விளக்கு வைத்துப் பாருங்கள். மரத்தை வெந்நீரால் துடைத்து, வெளியிலேயே உலரவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். மின்சாரப் பொருளை மட்டும் நானாகத் திறப்பதில்லை. 2014 முதல் நடக்கும், பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ரிப்பேர் கோப்பித்தியாம் அமைப்பின் தொண்டூழியர்களிடம் எடுத்துப் போகலாம், பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தருவார்கள்.

16 பிப்ரவரி

தைப்பூசம் முடிந்தது, காற்று மாறிவிட்டது. மழை குறைந்து, காலை பத்து மணிக்கே கழிகளில் துணி மொறுமொறுவென்று காய்கிறது. மாவு பழையபடி 7 மணி நேரத்தில் பொங்குகிறது, மறந்தால் புளித்துவிடும்.

பொங்கோல் வாசகி டிரையர் வாங்கவில்லை. பழைய ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று 80 வெள்ளிக்குக் கிடைத்ததாம். மிச்சப் பணத்தில் ஒரு பகுதியைப் பெரியவனின் நீச்சல் வகுப்புக்குக் கட்டியிருக்கிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பயனீட்டுக் கட்டணம் ஜனவரிக்கு 127 வெள்ளி. இந்த முறை மேசையில் வாசிக்கவில்லை.

23 பிப்ரவரி

போர்வை முடிந்ததா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முடிந்தது. கடைசி நான்கு வரிசையை அத்தையே தைத்தார். கண் சரியாகத் தெரியாததால் வெள்ளை நூலுக்குப் பதில் சிவப்பு நூல் கோத்துக்கொண்டார், தையல் கொஞ்சம் வளைந்து போகிறது. பிரித்துத் தைக்கட்டுமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். நேற்று அதைத் துவைத்து இரண்டு கழிகளில் விரித்தேன், மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. மடித்து மேல் அலமாரியில் வைக்கப் போனால், "அங்க வைக்காதே, எட்டாது" என்று வாங்கி, தன் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.